ஒரு கடி கடித்து வைத்த ரோல்ஸ்

போன வியாழக்கிழமை காலை ராணி தொலைபேசி எடுத்தாள். வெள்ளவத்தையில் நான் முப்பத்தாறு வருஷம் வேலை செய்த ரோல்ஸ் குசினியை இப்போது நடத்துபவள் அவள்தான். ஹற்றன் பக்கத்துத் தோட்டத்திலிருந்து வந்தவள். என்னோடு பத்து வருஷத்துக்கு மேல் நின்றவள். நான் வேலையை விட்டுவிட்டுக் கொட்டாஞ்சேனையில் காலை நீட்டிக்கொண்டு இருக்கத் தொடங்கிய பிறகும் மாதத்தில் இரண்டு மூன்று தடவை எடுப்பாள். எண்ணெய் பொங்குகிறது, மா கிழிகிறது என்று ஏதாவது ஒரு சாட்டு இருக்கும். எனக்கு உள்ளூரச் சந்தோஷம்தான். ஆனால் வெளியில் காட்டிக்கொள்ளாமல் சிடுசிடுவென்றுதான் பதில் சொல்வேன்.

இந்த முறை, கோழி வரவில்லை என்றாள். பிறீசரில் வான்கோழி கிடந்ததாம். அதை அரைத்து ரோல்ஸுக்குள் வைத்து மடித்துப் பொரித்துவிட்டாளாம்.

“அளவு அதேதானேண்ணே? கிலோவுக்குக் கிலோ?”

அதேதான் என்றேன். ஆனால் வான்கோழியில் கொழுப்பு இல்லை, கோழிக்குப் போல அடுப்பை எரியவிட்டால் மரத்தூளாகிவிடும். தொடையிறைச்சியாகப் பார்த்து அரைக்க வேண்டும். வெங்காயத்தை அரைப்பங்கு கூட்ட வேண்டும். ஒரு துண்டுப் பாணைப் பாலில் நனைத்துப் பிழிந்து சேர்த்து, மூடி போட்டு, சிறு நெருப்பில் சிவப்பு மாறும்வரை வேகவைத்து, இறக்கும்போது ஒரு கரண்டி பட்டர் விட வேண்டும். இதையெல்லாம் ஒரே மூச்சில் சொல்லிவிட்டு, சாப்பிட்டவர்கள் யாராவது குறை சொன்னார்களா என்று கேட்டேன்.

“யாரும் ஒண்ணும் சொல்லலண்ணே. நல்லாத்தான் போச்சு. நேத்து ஒரு ஆளு மட்டும் பெஞ்சில ஒரு கடி கடிச்சு வச்சிட்டுப் போயிட்டாங்க. யாருன்னு பாக்கல.”

கையிலிருந்த தேத்தண்ணிக் கோப்பையை மேசையில் வைத்தேன். நேற்றுப் புதன்கிழமை.

பிளேட்டில் எத்தனை ரோல்ஸ் இருந்தது என்று கேட்டேன். இரண்டாம். ஒன்றில் ஒரு கடி, மற்றது தொடாமலே கிடந்ததாம். யாருக்கு வைத்த பிளேட் என்று அங்கே நின்ற ஒருவருக்கும் ஞாபகமில்லையாம். கறும்பலகையில் வான்கோழி என்று எழுதினாயா என்றேன். அது எங்கே கிடக்கிறதோ தெரியாது என்றாள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. பலகையை எண்ணெய் டின்களுக்குப் பின்னாலிருந்து தேடி எடு, இன்றைக்கே எழுது என்று கத்திவிட்டேன். ஏன் இதற்குப்போய் இப்படி ஏசுகிறீர்கள் என்று அவள் கேட்டாள். நியாயமான கேள்விதான். போனில் சொல்லுகிற விஷயமில்லை, எழுதித் தருகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன்.

நான் வேலைக்குச் சேர்ந்த நாளில் குசினி என்பது முதலாளி பாக்கியம் அக்காவின் வீட்டுப் பின்பக்கம்தான். காலி வீதியிலிருந்து கடல் பக்கமாக இறங்கும் ஒழுங்கையில் நடுவீடு. முன்னால் ஒரு கண்ணாடிப் பெட்டி, சுவரோரம் ஆட்கள் இருந்து தின்ன நீளமான ஒரு வாங்கு, அவ்வளவுதான் கடை. முதல் மூன்று வருஷமும் வெங்காயம் உரித்தேன், தாச்சி தேய்த்தேன், ரோல்ஸ் மடித்தேன். அதில் சொல்லுவதற்கு ஒன்றுமில்லை. இறைச்சித் தாச்சிக்கு என்னை விட்ட பிறகுதான் அக்கா எப்பேர்ப்பட்ட மனுஷி என்று தெரிந்தது.

பாக்கியம் அக்கா சுத்த சைவம். ஒரு நாளைக்கு நானூறு கோழி ரோல்ஸ் விற்கிற கடைக்காரி, முட்டைகூட வாயில் வைத்ததில்லை. ஆனால் அவர் கண்ணைத் தப்பி ஒரு தாச்சி இறைச்சி வெளியே போகாது. கண்ணை என்று சொன்னதும் பிழை. அவர் பார்ப்பதே இல்லை. அரைத்த இறைச்சியில் ஒரு நுள்ளு எடுத்துக் கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் நசிப்பார். பிறகு கையைச் சவர்க்காரம் போட்டு மூன்று தரம் கழுவுவார். தாச்சியில் இறைச்சி விழுந்ததும் மூன்றடி தள்ளி நின்று, சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, கண்ணை மூடிவிடுவார். காதுதான் வேலை செய்யும்.

அரைத்த கோழி தாச்சியில் விழுந்தால் முதலில் தண்ணீர் விடும். சொர்ரென்று ஒரே சீராகச் சத்தம் வரும். தண்ணீர் வற்றிக் கொழுப்பு வெளியே வந்ததும் அந்தச் சத்தம் மாறிப் படபடவென்று வெடிக்கும். மாறுகிற அந்த இடத்தில் அக்கா கையைத் தூக்குவார். அப்போதுதான் மிளகும் கறுவாவும் போட வேண்டும். ஒரு நொடி முந்தினாலும் ஏச்சு, பிந்தினாலும் ஏச்சு. கடைசியில் ஆவியைக் கையால் அள்ளி மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோய், “ம்” என்பார். அந்த ‘ம்’முக்காக நான் முப்பது வருஷம் வியர்வை சிந்தினேன்.

ஒரு தை மாதம், நத்தாருக்கு விலைப்படாமல் போன வான்கோழிகளை ஒரு முகவர் அக்காவின் தலையில் கட்டிவிட்டார். வீசவும் மனமில்லை. அரைத்துக் கோழிக்குப் பதிலாகப் போட்டோம். தாச்சியில் விழுந்தது. நானும் அக்காவும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றோம். சத்தமே இல்லை. தண்ணீரும் விடவில்லை, கொழுப்பும் வெடிக்கவில்லை. அடுப்பு எரிகிறது, இறைச்சி நிறம் மாறுகிறது, சத்தம் மட்டும் இல்லை. அக்கா கண்ணைத் திறந்துவிட்டார்.

“என்னடா தாசன், இது வாயைத் திறக்குதில்லை.”

ராணிக்கு நான் சொன்ன வெங்காயமும் பாணும் பட்டரும் அந்த வாரம் நாங்கள் இரண்டு பேரும் தட்டுத்தடுமாறிக் கண்டுபிடித்தவைதான். மூன்றாம் நாள் சரியாக வந்தது. நான் தின்று பார்த்தேன், எனக்கே வித்தியாசம் தெரியவில்லை. யாருக்கும் சொல்லாமல் கண்ணாடிப் பெட்டியில் அடுக்கினோம். இருநூறு பேர் தின்றார்கள். ஒருவர் வாய் திறக்கவில்லை.

நடராசா ஐயா வரும்வரை.

நடராசா ஐயா தேயிலைக் கம்பனி ஒன்றில் தேயிலை ருசி பார்க்கும் வேலை செய்தவர். வரிசையாக வைத்த நூறு கோப்பையில் ஒவ்வொரு உறிஞ்சு உறிஞ்சித் துப்பிவிட்டு, எந்த மலை, எந்தப் பக்கச் சரிவு, எத்தனை நாளுக்கு முந்திய மழை என்று சொல்லுகிற நாக்கு. மனுஷன் அதை வைத்துப் பெருமையடித்ததில்லை. எங்கள் கடைக்குப் பக்கத்து ஒழுங்கையில் வீடு. புதன்கிழமை தோறும் ஐந்து மணிக்கு வருவார். வாங்கின் கடைசியில், சுவரோடு ஒட்டிய மூலையில் இருப்பார். பிளேட்டில் இரண்டு ரோல்ஸ். ஒன்றை அங்கேயே ஆறுதலாகத் தின்பார். மற்றதைக் கடதாசியில் சுற்றி, புவனம்மாவுக்கு, அவருடைய மனைவிக்கு, சூடு ஆறுமுன் கொண்டுபோவார். வருஷக் கணக்காக இதில் மாற்றமில்லை.

அன்றும் வந்தார். ஒரு கடி கடித்தார். மென்றார். நிறுத்தினார். கடித்த ரோல்ஸைப் பிளேட்டின் ஓரத்தில், கடித்த பக்கம் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்தார். மற்றதைத் தொடவில்லை. எழும்பிக் கண்ணாடிப் பெட்டியடிக்கு வந்தார். கோபம் இல்லை, சிரிப்பும் இல்லை.

“பாக்கியம், இது வேற ஆள்.”

அவ்வளவுதான் சொன்னார். போய்விட்டார். பிளேட்டை எடுத்தது நான். ஐயாவுக்கு மேல்வரிசையில் முன்பல் ஒன்று இல்லை. இளவயதில் எங்கேயோ படியில் விழுந்து உடைந்தது. அதனால் அவர் கடித்த இடத்தில் நடுவில் சின்ன வரம்பு மாதிரி ஒன்று மிச்சமிருக்கும். அந்த வரம்பைப் பார்த்துக்கொண்டு, வெட்கத்தில் காது சுட நின்றேன்.

அக்கா அடுத்த நாளே ஒரு சின்னக் கறும்பலகை வாங்கினார். இறைச்சி மாறினால் அன்றைக்கு அதில் எழுத வேண்டும், எழுத முடியாத ஓடர் என்றால் வாயால் சொல்ல வேண்டும். அதுதான் கடையின் சட்டம். அதற்குப் பிறகும் எத்தனையோ தரம் வான்கோழி போட்டிருக்கிறோம். பலகையில் எழுதிவிட்டுப் போட்டோம். ஐயா பலகையைப் பார்ப்பார், தலையாட்டிவிட்டு வெறுங்கையோடு திரும்பிப் போவார்.

பிறகு ஐயாவுக்குப் பக்கவாதம் வந்தது. புதன்கிழமைகளில் அந்த மூலை வெறுமையாகக் கிடந்தது. இரண்டு வருஷத்துக்கு மேல் படுக்கை. ஒரு தடவை பார்க்கப் போனேன். என்னை அடையாளம் தெரியவில்லை. பக்கத்திலிருந்த புவனம்மாவையும் தெரியவில்லை.

அவர் செத்தது, நாடு பெற்றோலுக்கும் காஸுக்கும் வரிசையில் நின்ற வருஷம். கோழிக்குத் தீன் இல்லை, அதனால் கோழியும் இல்லை. ஒருகொடவத்தையில் குளிர்களஞ்சியம் வைத்திருந்த ஒருவர், கரண்ட் இல்லாமல் எல்லாம் கெட்டுப்போகப் போகிறது என்று பயந்து, உறைந்த வான்கோழிகளைக் கடைகடையாகக் கொண்டுவந்து கொடுத்தார். அக்காவுக்கு அப்போது முழங்கால் ஏலாது. மேல்வீட்டில் கதிரையோடு இருந்தார். குசினி முழுக்க என் பொறுப்பு.

எட்டுச் செலவுக்கு அறுபது கோழி ரோல்ஸ் வேண்டும் என்று ஐயாவின் மகன் வந்து சொன்னார். நான் வேதக்காரன், அந்தச் சடங்கெல்லாம் ஒழுங்கையில் பார்த்துத் தெரிந்துகொண்டதுதான். செத்து எட்டாம் நாள், செத்தவருக்கு ஆசையான சாப்பாடெல்லாம், மச்சம் மாமிசம் உட்பட, சமைத்துப் படைப்பார்கள். அந்த வீட்டு வழக்கத்தில் படைத்துவிட்டு அறைக் கதவைச் சாத்திவிடுவார்கள். செத்தவர் வந்து ஆறுதலாகச் சாப்பிட வேண்டுமாம். கொஞ்ச நேரம் கழித்துத் திறந்துதான் மற்றவர்கள் சாப்பிடுவார்கள்.

ஓம் என்று சொல்லி அனுப்பினேன். கோழி இல்லை, வான்கோழிதான் என்று சொல்லவில்லை. செத்தவீட்டு மனுஷரிடம் போய் இறைச்சிக் கதை கதைக்கிறதா என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். அது பாதி உண்மை. மீதி உண்மை ராணிக்குத் தெரியும், அவள் அன்றைக்குப் பக்கத்தில் மா கரைத்துக்கொண்டு நின்றாள். என் வாயில் சனி இருந்திருக்க வேண்டும்.

“கண்டுபிடிக்கிற ஒரே ஆள் செத்துப்போனார், இனி யாருக்குத் தெரியப் போகுது” என்றேன். அவளும் சிரித்தாள். தாச்சியில் வான்கோழி சத்தமில்லாமல் வெந்துகொண்டிருந்தது.

ஓட்டோவுக்குப் பெற்றோல் இல்லை. பொழுதுபடுகிற நேரம் தட்டைத் தலையில் வைத்துக்கொண்டு நானே நடந்துபோனேன். ஒழுங்கை முழுக்கக் கரண்ட் இல்லை. அந்த வீட்டில் ஐயா கிடந்த அறையில் ஒரு குத்துவிளக்கு, படத்துக்கு முன்னால் வாழையிலை. சோறு, மீன், பொரியல், பலகாரம் எல்லாம் வைத்து, கடைசியில் புவனம்மா ஒரு பிளேட்டில் இரண்டு ரோல்ஸ் வைத்தார். பக்கத்தில் ஒரு கோப்பை தேத்தண்ணி. பிறகு எல்லாரும் வெளியே வந்தோம். கதவைச் சாத்தினார்கள். மகன் கதவில் முதுகு சாய்த்து நிலத்தில் இருந்தார். நான் எதிரே இருந்தேன். வீட்டில் சின்னப் பிள்ளைகள் ஒருவரும் இல்லை.

கடல் பக்கம் ஒரு ரயில் போனது. அது போன பிறகு வந்த அமைதியில் எனக்கு அந்தத் தாச்சியின் ஞாபகம் வந்தது. வர வேண்டிய சத்தம் வராமலிருக்கும்போது காது எப்படித் தேடுமோ அப்படித் தேடியது. உள்ளே ஏதோ பிளேட்டில் மெதுவாக வைக்கப்பட்ட மாதிரி இருந்தது. கேட்டதா, நான் நினைத்துக்கொண்டதா, இன்றைக்கும் சத்தியம் பண்ணமாட்டேன். மகன் மட்டும் ஒரு தரம் தலையைத் திருப்பினார்.

புவனம்மா கதவைத் திறந்தார். விளக்கு அசையாமல் எரிந்துகொண்டிருந்தது. இலையில் ஒரு பருக்கை விலகவில்லை. பிளேட்டில் ஒரு ரோல்ஸ் ஓரத்துக்குப் போயிருந்தது. கடித்த பக்கம் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்திருந்தது.

பூனை என்றார் மகன். யன்னல் வழியாக வந்திருக்கும் என்றார். பூனை என்றால் மீனை விட்டுவிட்டா ரோல்ஸுக்கு வரும்? வந்தாலும் இழுத்துக்கொண்டு போகும், திருப்பி வைத்துவிட்டுப் போகாது. புவனம்மா அதைக் கையில் எடுத்து விளக்குக்குக் கிட்டப் பிடித்தார். நான் அவருக்குப் பின்னால் நின்றேன். கடியின் நடுவில் அந்தச் சின்ன வரம்பு தெரிந்தது.

அம்மா ரோல்ஸை வைத்துவிட்டு மற்ற அறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டார். நான் அங்கே ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல், குற்றவாளி மாதிரி நழுவி வந்தேன். அந்த வீட்டில் எனக்கு மட்டும்தான் தெரியும் அது என்ன இறைச்சி என்று. எனக்கும் அவருக்கும்.

நாலு நாள் நான் வாயைத் திறக்கவில்லை. பயம்தான், வேறென்ன. கொட்டாஞ்சேனை மாதா கோயிலில் மெழுகுதிரி கொளுத்தினேன். இரவில் பிளேட்டின் ஓரம்தான் கண்ணுக்குள் வந்தது. ஐந்தாம் நாள் ஐயாவின் மகன் கடைக்கு வந்தார். முகம் கறுத்துப்போயிருந்தது. எட்டுக்குப் பிறகு அம்மா ஒன்றுமே சாப்பிடவில்லையாம். தண்ணீர் மட்டும்தானாம். டொக்டர் வந்து சேலைன் ஏற்ற வேண்டிவரும் என்று சொல்லிவிட்டாராம். என் கையால அவருக்கு வேண்டாமெண்டால் எனக்கு மட்டும் என்னத்துக்கு என்று ஒரே சொல்லாம். அப்பா கொண்டுவந்து கொடுக்கிற ரோல்ஸ் என்றாலாவது தின்பா என்று நினைத்து, இரண்டு வாங்க வந்திருந்தார்.

கொஞ்சம் பொறுங்கோ, நானே கொண்டுவருகிறேன் என்று அவரை அனுப்பிவிட்டு மேல்வீட்டுக்கு ஏறினேன். பாக்கியம் அக்காவிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் கண்ணை மூடிக் கேட்டார், தாச்சியைக் கேட்பதுபோல.

“பலகையில எழுதினனியோ?”

“இல்லை அக்கா.”

“மகனிட்டச் சொன்னனியோ?”

“இல்லை.”

“அப்ப ஏன் இஞ்ச வந்து நிக்கிறாய்? அங்க போ.”

கடைப் பெயர் கெடுமே என்று இழுத்தேன். அக்கா கண்ணைத் திறக்காமலே கையைத் தூக்கினார். மிளகு போடச் சொல்லுகிற அதே கை. அதற்குமேல் நான் நிற்கவில்லை.

சந்தையெல்லாம் அலைந்து ஒரே ஒரு கோழி பிடித்தேன். மெஷினுக்குக் கரண்ட் இல்லை, கத்தியால் கொத்தி அரைத்தேன். தாச்சியில் போட்டதும் தண்ணீர் விட்டது, பிறகு படபடவென்று வெடித்தது. அந்தச் சத்தத்தைக் கேட்டு எனக்கு அழுகை வந்துவிட்டது. நாலு ரோல்ஸ் பொரித்தேன். சூட்டோடு எடுத்துக்கொண்டு ஓடினேன்.

புவனம்மா ஐயாவின் கட்டிலில் இருந்தார். ஐந்து நாளில் பாதியாகிவிட்டார். என்னைக் கண்டதும், நான் கேட்காமலே கதைக்கத் தொடங்கினார்.

“தாசன், உங்களுக்குத் தெரியுமோ, அவருக்குக் கடைசியில ருசியே தெரியேல்லை. ஒரு நாள் சீனியெண்டு நினைச்சு உப்பைப் போட்டிட்டன் தேத்தண்ணியில. அந்த நாக்கு, ஒரு சொட்டும் விடாமக் குடிச்சுது. அண்டைக்கே என்ர மனுசன் செத்திட்டார். பிறகு ரெண்டு வருசம் நான் பாத்தது வேற ஆரையோ.”

வேற ஆள் என்று ஐயா சொன்ன குரல் காதுக்குள் கேட்டது.

ஐயாவுக்கு ஆடின பல்லையெல்லாம் கழற்றிவிட்டார்கள், வெறும் முரசுதான் இருந்தது என்றார் அம்மா. இறைச்சி விழுங்க ஏலாது. சோயாவை அவித்து மசித்து, கோழி என்று சொல்லி ஊட்டினாராம். ஒவ்வொரு நாளும் கோழி, கோழி என்று சொல்லித்தானாம். அவர் ஒன்றும் சொல்லாமல் தின்றாராம்.

“ஏமாத்தினனான், தாசன். இப்ப அவருக்கு எல்லாம் தெரிஞ்சிட்டுது. அதுதான் என்ர கையால வைச்சதைத் தள்ளி வைச்சிட்டுப் போட்டார்.”

இனி மறைக்க ஏலாது. அம்மா, அது கோழியில்லை, வான்கோழி என்றேன். கோழி கிடைக்கவில்லை, உங்களுக்குச் சொல்லவுமில்லை, என்ர பிழை என்றேன். கண்டுபிடிக்கிற ஆள் செத்துப்போனார் என்று சொல்லிச் சிரித்ததையும் சொன்னேன். அதை ஏன் சொன்னேன் என்று தெரியாது. அதைச் சொல்லாவிட்டால் சொன்ன மற்றதெல்லாம் பொய்யாகிவிடும் போலிருந்தது.

அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கன்னத்தில் அறைவார் என்று நினைத்தேன். அறைந்திருந்தால் வாங்கியிருப்பேன்.

“முழுக்க வான்கோழியோ? கோழி கொஞ்சமும் கலக்கேல்லையோ?”

“முழுக்க வான்கோழிதான் அம்மா.”

“ஒரு கடியில பிடிச்சிட்டார்” என்றார். என்னிடம் சொல்லவில்லை, படத்தைப் பார்த்துச் சொன்னார். பிறகு இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டார். அழுகிறார் என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தார். சிரிப்போடு கண்ணீரும் விரலுக்குள்ளால் வழிந்தது.

“அப்ப அவருக்கு ருசி திரும்பி வந்திட்டுது, தாசன். பல்லும் வந்திட்டுது.”

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. ஆனால் அந்த அறையில் அந்த நேரம் பயமாக இருக்கவில்லை. அம்மா கையை நீட்டினார். கடதாசியை விரித்து ஒரு ரோல்ஸைக் கொடுத்தேன். கட்டிலில் இருந்தபடியே முழுவதையும் தின்றார், துணுக்கும் விடாமல். பிறகு மெதுவாக எழும்பி ஒரு பிளேட்டில் இரண்டு ரோல்ஸ் எடுத்துப் படத்துக்கு முன்னால் வைத்து, என்னை வெளியே கூட்டிவந்து கதவைச் சாத்தினார். நாங்கள் இரண்டு பேரும் வெளியே இருந்தோம். நேரம் போனது. திறக்கவா என்று கேட்டேன். வேண்டாம், அவர் ஆறுதலாச் சாப்பிடட்டும், நீங்கள் போங்கோ என்றார். பிளேட்டை மகன் அடுத்த நாள் கழுவிக் கொண்டுவந்து தந்தார். அதில் என்ன மிச்சமிருந்தது என்று நான் கேட்கவில்லை.

பாக்கியம் அக்காவும் போய்ச் சேர்ந்துவிட்டார். நானும் ஓய்வெடுத்தாயிற்று. இதையெல்லாம் யாரிடமும் சொல்லாமலே மறந்துவிடலாம் என்றிருந்தேன், ராணியின் அந்தப் போன் வரும்வரை.

இவ்வளவும் எழுதி முடித்த பிறகு, மனம் கேட்காமல் நேற்றுப் புவனம்மாவுக்கு எடுத்தேன். எண்பது தாண்டிவிட்டது, குரல் மட்டும் அதேதான். மகன் இப்போது அவரோடுதான் இருக்கிறார். சுற்றி வளைத்து, போன புதன்கிழமை கடை வாங்கில் ஒரு கடி கடித்த ரோல்ஸ் கிடந்ததாம் என்று சொன்னேன். கேட்டுக் கலங்கிவிடுவாரோ என்று எனக்குத்தான் பயம்.

“மற்றது தொடாமலே கிடந்ததோ?”

“ஓம் அம்மா. தொடவே இல்லையாம்.”

“என்ன இறைச்சி?”

“வான்கோழி. பலகையில எழுதேல்லை.”

“அதுதானே பாத்தன்” என்றார் புவனம்மா, வெகு சாதாரணமாக. “போன புதன் மட்டும்தான் அவர் வெறுங்கையோட வந்தவர்.”

ராணி, நீ ஏன் என்று கேட்டாய், எழுதிவிட்டேன். மற்ற நாட்களில் உன் இஷ்டம், பலகையில் எழுதிவிட்டு எதை வேண்டுமானாலும் அரை. புதன்கிழமை மட்டும் கோழிதான். கிடைக்காவிட்டால் முதல் நாளே எனக்குச் சொல். கொட்டாஞ்சேனைச் சந்தையில் ஒரு கோழி வாங்கிக்கொண்டு நானே பஸ் ஏறி வருகிறேன். ஐந்து மணிக்கு முந்தி இரண்டு ரோல்ஸ் பொரித்து, ஒரு பிளேட்டில் போட்டு, வாங்கின் கடைசி மூலையில் வைத்துவிடு.